சத்தத்தைக் குறையுங்கோ

“இண்டைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டாமல் வீட்டுக்குத் திரும்ப மாட்டன்.”

ஆளில்லாத வீட்டுக்குள் நின்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, சந்திரவதனா கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள்.

தூரமில்லை. பக்கத்து வீடுதான். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் அந்தத் தெரு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

பக்கத்து வீட்டுச் செல்வமணி மலேசியாக்காரர், தனி ஆள், வங்கியில் வேலை. ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு அவர் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். ஒரு இசைத்தட்டு. ஒவ்வொரு கிழமையும் அதே இசைத்தட்டு. கீபோர்ட் மிசினில் டும் டும் என்று அடிக்க, மேலே ஒரு பெண்பிள்ளை ஏங்கி ஏங்கிப் பாடும். அதற்கு ‘சிந்த்-பாப்’ என்று பெயராம். சோகம் என்றால் அப்படி ஒரு சோகம்.

கேட்க வருகிறவர்களைப் பார்த்தாலோ, கலியாண வீட்டுக்கு வருவது போல. கிழக்கே பார்க்கிங் என்ற ஊரிலிருந்து ஒரு நேர்ஸ், வடக்கே கிங்ஸ்பரியிலிருந்து ஒரு பஸ் டிரைவர். லண்டனைக் குறுக்கறுத்து ரயில் மாறி ரயில் ஏறி, அரை மணி முந்தியே வாசலில் நிற்பார்கள். ஒருத்தி அந்த இசைத்தட்டின் அட்டைப் படத்தைக் கையில் பச்சை குத்தியிருக்கிறாள். முடிந்த பிறகு, எந்தப் பாட்டு திறம் என்று தேத்தண்ணியோடு அரை மணி நேரம் சண்டை வேறு.

அழுகிறதுக்கு இவ்வளவு ஆசையாக வருகிற சனத்தைச் சந்திரவதனா வேறெங்கும் கண்டதில்லை.

முந்தியென்றால் மெல்லமாகத்தான் கேட்கும். இந்த ஆறு மாதமாகச் சுவரே அதிர்கிறது.

அவளுக்கு அந்த நாலு மணி முக்கியம். மகன் யனுஷன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய் ஒன்றரை வருசம். ஒரு ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குத்தான் பொலிஸ் வந்து கதவைத் தட்டியது. அந்த நேரம் பார்த்து, படத்துக்கு முன்னால் விளக்கேற்றித் தேவாரம் படிப்பாள். மகனோடு அவளுக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு மணித்தியாலம். அதற்குள்ளேதான் இந்த டும் டும்.

புருசன் ஜம்புநாதனிடம் சொல்லிப் பார்த்தாள். “விடுமப்பா, பாட்டுத்தானே” என்றார்.

அவர் அப்படித்தான். செத்த வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிய, அடுத்த நாளே வேலைக்குப் போனவர். ஞாயிறு மூன்றரை ஆனால் வேட்டியைக் கட்டிக்கொண்டு, கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட வேணும் என்று கிளம்பிவிடுவார். மகனின் படத்துக்கு முன்னால் ஐந்து நிமிசம் இருக்க மாட்டார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டாள்: “நீங்கள் மனுசனோ, கல்லோ?” அவர் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சரி, நானே பார்க்கிறன் என்று கவுன்சிலுக்கு எழுதினாள். எந்த நாள், எத்தனை மணி, என்ன சத்தம் என்று நிரப்ப ஒரு படிவம் வந்தது. ஆறு ஞாயிறு விடாமல் நிரப்பி அனுப்பினாள். முதலில் பக்கத்து வீட்டாரோடு கதைத்துப் பாருங்கள், சரிவராவிட்டால் நாங்கள் வருகிறோம் என்று பதில் எழுதினார்கள்.

கதைக்கத்தான் இப்போது போகிறாள்.

மணியை அடித்தாள். இரண்டாம் தரம் அடித்தபோது விரலை எடுக்கவேயில்லை.

கதவைத் திறந்த செல்வமணியின் முகம் அவளைக் கண்டதும் வெளிறிப்போனது.

“தம்பி, பாட்டை நிப்பாட்டச் சொல்லேல்லை. சத்தத்தைக் குறையுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்.”

“மன்னிச்சிருங்கக்கா. குறைக்க முடியாது.”

“ஏன் ஏலாது? உங்களுக்குக் காது மந்தமோ?”

“எனக்கே இது அதிகந்தான். மெதுவா வச்சுக் கேக்குற பாட்டுக்கா இது. வர்றவங்கள்ல ஒருத்தர் கூட்டி வைக்கச் சொன்னார். வாக்குக் குடுத்துட்டேன்.”

“ஆர் அந்த ராசா? நான் அவரோட கதைக்கிறன்.”

இன்னொரு நாள் வாங்க என்று அவர் கெஞ்சினார். இன்னொரு நாள் என்ற பேச்சே அவளிடம் இல்லை. அவரை ஒரு கையால் விலக்கிக்கொண்டு நேரே உள்ளே போனாள்.

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். பச்சை குத்தியவள் உதட்டை அசைத்துக் கூடவே பாடினாள். டிரைவரின் கன்னம் நனைந்திருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சந்திரவதனா வாயைத் திறந்தாள். அப்போதுதான் கண்டாள்.

அவளுடைய வீட்டுப் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து, வேட்டியோடு ஒரு மனுசன் தரையில் இருந்தார். சால்வையைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. பாட்டு கொஞ்சம் அடங்கிய இடத்தில், சால்வையையும் மீறி ஒரு சத்தம் வந்தது. முப்பது வருசம் கூட வாழ்ந்தும் அவள் கேட்டிராத சத்தம்.

ஜம்புநாதன்.

செல்வமணி அவள் காதருகே குனிந்தார்.

“உங்க மகன் இதைத்தான் காதுல மாட்டிக்கிட்டே திரிவாராம். ஆறு மாசத்துக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர், நானும் கேக்கலாமான்னு வாசல்ல வந்து நின்னார். அவர் அழுறது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டா நீங்க தாங்க மாட்டீங்களாம். அதான் கூட்டி வைக்கச் சொன்னார்.”

ஜம்புநாதன் கண்ணைத் திறக்குமுன் சந்திரவதனா வந்த வழியே வாசலுக்கு வந்துவிட்டாள். அங்கே நின்று செல்வமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம், தம்பி” என்றாள். “சத்தத்தை மட்டும் குறைச்சுப் போடாதேங்கோ.”