டீப்பாய் மேல் கால்

ஆபீஸிலிருந்து வந்த கிருத்திகா, மாமனார் எதிரே உட்கார்ந்து நியூஸ் பார்க்கிறாரே என்கிற நினைப்பே இல்லாமல் சோபாவில் சாய்ந்தாள். டீப்பாய் மேல் மூன்று தலையணையை அடுக்கினாள். அதன் மேல் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள்.

சமையலறை வாசலில் நின்ற மாமியார் ராதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் என்றால் போகிறதென்று விடலாம். தினமும் இதே கூத்து.

ராதா குடியாத்தத்தில் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள். சர்வீஸ் முழுக்க நின்றுகொண்டேதான் பாடம் நடத்தினாள். டீச்சர் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குப் பாடம் ஏறாது என்று அவளுக்கு ஒரு எண்ணம். அதற்கு வந்த பலன், சாயந்திரமானால் இரண்டு காலிலும் நீர் கோத்துக்கொண்டு மெட்டியைக்கூடக் கழற்ற முடியாது.

மகன் ரகுராமும் மருமகளும்தான் பிடிவாதமாக வைட்ஃபீல்டில் தங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து டாக்டரிடம் காட்டினார்கள். இதயத்திலும் கிட்னியிலும் கோளாறு இல்லை, காலுக்கு இறங்கின ரத்தம் சரியாக மேலே ஏறாமல் தேங்குவதால் வந்த வீக்கம் என்றார் அவர். தினம் காலையும் மாலையும் நன்றாகச் சாய்ந்துகொண்டு, நெஞ்சு உயரத்துக்குக் காலைத் தூக்கி அரை மணி வைத்திருக்க வேண்டுமாம்.

"இல்லைன்னா தோல் வெடிச்சுப் புண்ணாயிடும். அது லேசுல ஆறாது. ஆமேலே, உப்பு கம்மி மாடி, குறைச்சுக்குங்க அம்மா" என்று கன்னடமும் தமிழுமாக எச்சரித்தும் அனுப்பினார்.

ராதா பயந்துதான் போனாள். ஆனால் பெட்ரூமில் போய்ப் படுத்தால் இருப்புக் கொள்ளாதே. குக்கர் விசில் அடித்தால் எழுந்து ஓடுவாள். பால்கனியில் காய்கிற துணி ஞாபகம் வரும். மெட்ரோ போகிற சத்தம் கேட்டால் அதையும் எட்டிப் பார்த்தாக வேண்டும். ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்தால் பொழுது போகும்தான். அங்கே கணவர் எத்திராஜ் இருக்கிறாரே. கல்யாணமான நாளிலிருந்து அவர் எதிரே காலை நீட்டாதவள், இந்த வயதிலா நீட்டுவாள்?

வீக்கம் அப்படியே இருந்தது. கணுக்காலுக்கு மேல் தோல் மினுமினுவென்று இழுத்துக்கொண்டு நின்றது. ராத்திரி தூக்கத்தில்கூடப் புண்ணாகிவிடுமோ என்று தடவிப் பார்த்துக்கொண்டாள்.

இந்த லட்சணத்தில் மருமகள் மகாராணி மாதிரி கால் நீட்டினால் எரியுமா எரியாதா? பால்கனிக்குப் போய் காட்பாடித் தங்கைக்கு போன் போட்டு, என்ன வளர்ப்போ என்று ஒரு பாட்டம் தீர்த்தாள். அப்படியும் ஆறவில்லை. நேரே வந்து கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, மாமா எதிர்ல இருக்கார் இல்ல?"

கிருத்திகா சட்டென்று காலை இறக்கினாள். முகம் வாடிவிட்டது.

"சாரி அத்தை. எனக்கும் கால் வீங்குது. நாள் பூரா சேர்ல உட்கார்ந்துட்டு, அப்புறம் டிராஃபிக்ல ஆபீஸ் ஷட்டில் பஸ்ஸுக்குள்ள காலைத் தொங்கப்போட்டே வரேன் இல்ல? அதே டாக்டர்தான் தூக்கி வைக்கச் சொன்னார்."

ராதாவுக்கு ஏன்டா கேட்டோம் என்றாகிவிட்டது. சின்ன வயசில் இதென்ன கஷ்டம் என்று பதறி, மறுபடி காலைத் தூக்கி வைக்கச் சொன்னாள். கிருத்திகா தயங்கினாள்.

"தனியா வைக்க ஒரு மாதிரி இருக்கு அத்தை. நீங்களும் பக்கத்துல வச்சுக்கிட்டா எனக்குக் கூச்சம் இருக்காது."

தனக்காக என்றால் ராதா செத்தாலும் செய்திருக்க மாட்டாள். அந்தப் பெண்ணுக்காக, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்தாள். எத்திராஜ் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு நியூஸில் மூழ்கிவிட்டார். இந்த மனுஷனுக்கா இத்தனை வருஷம் கூச்சப்பட்டோம் என்று அவளுக்கு எரிச்சல்கூட வந்தது.

அதன் பிறகு வீட்டில் டீச்சர் ராஜ்ஜியம்தான். காலையில் காபி குடித்ததும் ஒரு முறை, சாயந்திரம் ஒரு முறை. கிருத்திகாவுக்கு ஆபீஸ் போன் வந்தாலும் எழ விடமாட்டாள். தனக்கே உள்ளுக்குள் பரபரவென்று இருந்தாலும், நாம் எழுந்தால் இவளும் எழுந்துவிடுவாளே என்று அடக்கிக்கொள்வாள். இரண்டு பேருக்கும் உப்பு குறைத்துத் தனிச் சாம்பார். அப்பளம் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. ஊறுகாய்ப் பாட்டில் பக்கம் கிருத்திகாவின் கை போனால் ஒரு முறைப்பு முறைப்பாள், கை தானாகத் திரும்பிவிடும்.

"நான் மட்டும் வரலைன்னா அந்தப் பொண்ணு கால் என்ன கதியாகியிருக்கும் சொல்லு" என்று தங்கையிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த மாதம் கிருத்திகாதான் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ராதாவின் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்துப் பார்த்தார். போன தடவை அழுத்திய இடத்தில் விழுந்த குழி இப்போது விழவே இல்லை.

"சென்னாகிதே, நல்லாயிருக்கு அம்மா. வீக்கம் நல்லா இறங்கிடுச்சு. இனிமே பயமில்லை. விடாம இதையே செய்யுங்க."

ராதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தோடேயே எழுந்து, அந்த நாற்காலியில் மருமகளைப் பிடித்து உட்கார வைத்தாள். வேண்டாம் அத்தை, நேரமாச்சு, போகலாம் என்று கிருத்திகா நழுவப் பார்த்தாள். விடுவாளா?

"என்னை விடுங்க டாக்டர். எனக்குக் கவலையே இவளைப் பத்தித்தான். இவளுக்கு எவ்வளவு இறங்கியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க."

டாக்டர் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவங்களுக்கு ஏதும்மா வீக்கம்? 'அத்தை கூச்சப்பட்டுக்கிட்டுத் தனியா காலைத் தூக்க மாட்டேங்கறாங்க, கூடவே நானும் தூக்கி வச்சுக்கிட்டா எனக்கு ஏதாவது கெடுதலா'ன்னு போன மாசம் போன் பண்ணிக் கேட்டாங்க."