வெற்றிகரமான நூறாவது நாள்

"அண்ணே, வெளியே வந்து பாருங்க! தெருவே அசந்து போச்சு!"

விருமாண்டி வாசலில் நின்று கத்தினான். மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காக நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்த நல்லகாமன் வெளியே வந்தார்.

வீட்டுக்கு நேர் எதிரே, லாரி அகலத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ்.

'மதுவை வென்ற மாவீரன் அண்ணன் நல்லகாமன் அவர்களின் வெற்றிகரமான நூறாவது நாள்!'

கீழே இரண்டு படங்கள். 'இன்று' என்ற படத்தில் வெள்ளைச் சட்டையில் கும்பிட்டபடி நல்லகாமன். 'அன்று' என்ற படத்தில் மினி பஸ் நிறுத்தத்தில் மல்லாந்து கிடக்கும் நல்லகாமன். இரண்டையும் விடப் பெரிதாக, கூலிங் கிளாசும் காதில் செல்போனுமாக விருமாண்டி.

அவன்தான் ஆனையூரில் அந்தத் தெரு நலச் சங்கத்தின் செயலாளர். குடியை விட நினைப்பவர்களுக்காக வியாழக்கிழமைதோறும் ரேஷன் கடை மாடியில் கூட்டம் நடத்துகிறான். வட்டமாக உட்கார்ந்து மனதில் இருப்பதைப் பேச வேண்டும். பேசி முடித்தால் சுண்டல் உண்டு. நூறு நாளைத் தொட்டவர் இதுவரை நல்லகாமன் ஒருவர்தான்.

"அந்த 'அன்று' படத்தை எப்படா எடுத்த?"

"எடுத்தப்ப நீங்க எங்கண்ணே பாத்தீங்க!"

"தம்பி, உடனே கழட்டு. பத்தரைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க."

"வரட்டும்ணே. அவங்களும் தெரிஞ்சுக்கட்டும். எம்புட்டுப் பெருமை!"

"பெருமையா? பொண்ணோட அப்பாவுக்குச் சோடா குடிச்சாலே தலை சுத்தும்னு தரகர் அங்க சொல்லி வச்சிருக்காருடா!"

உள்ளேயிருந்து மனைவி கனகலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"இருபது வருசம் குடிச்சப்ப ஒருத்தனும் போர்டு வைக்கலை. விட்டதும் வைக்கிறாய்ங்க. இதுக்குக் குடிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம்" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டாஸ்மாக் கடை திறக்க இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது என்று நல்லகாமனின் மனதில் ஒரு கணக்கு தானாக ஓடியது. அப்படி ஓடியது அவருக்கே பயமாக இருந்தது.

கட்டில் போர்வையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

"அண்ணே, என் மூஞ்சியை மட்டும் மூடிராதீங்க" என்று கீழேயிருந்து கெஞ்சினான் விருமாண்டி.

"உன் மூஞ்சி போகத்தாண்டா மிச்சமே இருக்கு!"

அதற்குள் கார் வந்து நின்றது.

"பத்து மணிக்கு மேல நேரம் சரியில்லைன்னாங்க. அதான் வெரசா வந்துட்டோம்" என்றபடி இறங்கினார் தரகர். ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் மறுபடி காருக்குள் ஏறிவிடலாமா என்று யோசிப்பவர் போல நின்றார்.

பின்னால் மாப்பிள்ளையின் அப்பா மொக்கையன் இறங்கினார். வண்டியூரில் உரக்கடை வைத்திருப்பவர். கறுப்பு வேட்டி, கழுத்தில் ஐயப்பன் மாலை, நெற்றி நிறையச் சந்தனம், வெறுங்கால்.

'சாமியா?' ஏணியில் நின்ற நல்லகாமனுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது.

சித்திரை வெயிலில் தார் ரோடு கொதித்தது. மொக்கையன் கால் மாற்றி மாற்றி நின்று ஃப்ளெக்ஸை ஒரு வரி விடாமல் படித்தார். 'அன்று' படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஏணியை நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்குள் போனார்.

தாமரைச்செல்வி வந்து காபி கொடுத்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளை சூரியபிரகாஷுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவன் அம்மாவுக்கும் திருப்தி. மொக்கையன் மட்டும் வாசல் வழியே ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி ஒண்ணும் சொல்லலையே?" என்று இழுத்தார் தரகர்.

"பொண்ணோட அப்பாகிட்ட ரெண்டு வார்த்தை தனியாப் பேசணும்."

அடுப்படியில் கனகலட்சுமி, "போச்சு" என்றாள்.

"விடும்மா" என்றாள் தாமரைச்செல்வி மெதுவாக. "இந்த வரன் போனாப் போகுது. இதை மனசுல வச்சுக்கிட்டு அப்பா திரும்பவும் கடைக்குப் போயிராம இருந்தாச் சரி."

வீட்டுக்குப் பின்னால், தண்ணீர் மோட்டார் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். கேட்கும்வரை காத்திருக்க நல்லகாமனால் முடியவில்லை.

"சாமி, தரகர் சொன்னது பொய். போர்டுல இருக்கறதுதான் நெசம். இருபது வருசம் குடிச்சேன். இன்னைக்கு நூறு நாள் ஆகுது. நாளைக்கு எப்படின்னு எனக்கே தெரியாது. ஆனா, நான் பண்ணுன தப்புக்கு எம் பொண்ணை வேண்டாம்னு சொல்லிராதீங்க."

மொக்கையன் இரண்டு பக்கமும் பார்த்தார். பின்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"இந்த மாலை கார்த்திகையில போட்டது" என்றார்.

"இப்பச் சித்திரை ஆயிருச்சே சாமி! மலைக்குப் போகலையா?"

"அதெல்லாம் தையிலயே போயிட்டு வந்தாச்சு. கழட்டத்தான் பயமா இருக்கு. போன வருசம் காலையில கழட்டுனேன். மத்தியானமே டாஸ்மாக்குல உக்காந்திருந்தேன். அதான் இந்தத் தடவை, மாசி பூசைக்குப் போகணும், பங்குனி உத்திரத்துக்குப் போகணும்னு வீட்ல சொல்லிச் சொல்லியே ஓட்டுறேன். ஊரே என்னைப் பெரிய பக்திமான்னு கும்பிடுது. கல்யாணத்துக்காச்சும் செருப்புப் போடுங்கப்பாங்கிறான் மகன்."

நல்லகாமனின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். குரல் இன்னும் தணிந்தது.

"மாலையே போடாம நூறு நாள் எப்படிச் சம்பந்தி இருந்தீங்க?"