காலரில் ஓர் உண்ணி

துவைக்கப் போட்ட கணவனின் சட்டைக் காலரில் அவள் கண்டது பெண்ணின் தலைமுடி இல்லை, ஓர் உண்ணி.

"சனிக்கிழமையானா எங்க போறீங்க?"

"ஆபீசுக்குத்தான்."

"ஆபீசுல ஏது உண்ணி?"

"பின்னாடி காடுதானே, ஒட்டியிருக்கும்" என்று மழுப்பினான்.

அவள் மேலே கிளறவில்லை. உண்ணியைக் குப்பியில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனாள். காட்டு உண்ணிகளின் மரபணுவை அலசுவதுதான் அவள் வேலை.

அடுத்த வெள்ளிக்கிழமை, பரிமாறும்போது பேச்சை எடுத்தாள்.

"மழை விழுந்தாத்தான் நம்ம பக்கத்து உண்ணி தலைகாட்டும். இங்க வெயில் மண்டையைப் பிளக்குது. மரபணுவும் ஒத்துப் போகல. உங்க காலர்ல இருந்தது மலைக்கு அந்தப் பக்கத்து வம்சம்."

அவன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான்.

"வந்து... நீ கோபப்படக் கூடாது..."

மலைக்கு அந்தப் பக்கம் அவளுக்குத் தெரிந்தது ஒரே வீடுதான். "அவனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா இந்த வாசப்படி மிதிக்காதே" என்று அவள் அப்பா கதவைச் சாத்திய வீடு.

அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"காட்டுல சுத்திட்டு வர்ற நாயை, அப்பா இன்னும் சோபாவுலதான் உட்கார வைக்கிறாரா?"