ஓணானுக்குப் பாறணை

மல்வேர்ன் செல்லப்பிராணிக் கடையின் வெள்ளை வெளிச்சத்தில், சிறுமி தனுஷிகாவின் கையிலிருக்கும் சப்பாத்துப் பெட்டிக்குள் அவள் வளர்க்கும் தாடி ஓணான் குட்டி கிடக்கிறது. பின்னங்கால்கள் விடாமல் நடுங்குகின்றன. கௌரி விரதம் தொடங்கிக் கந்தசஷ்டி முடியும்வரை வீட்டில் ஓருயிரும் சாகக்கூடாதென்று, வளர்கிற அந்தக் குட்டிக்கு அம்மா ஜெயமலர் கிட்டத்தட்ட ஒரு மாதமாகப் புழு பூச்சி எதுவும் கொடுக்காமல் இலைகளை மட்டுமே போட்டு வந்தாள். இப்போது அலமாரி முழுக்க, உயிருள்ள தீனியாக விற்கிற சிள்வண்டுகள் அட்டைப்பெட்டிகளைச் சுரண்டுகின்றன. ஜெயமலர் கொழுத்த மஞ்சள் புழுக்கள் நிறைந்த டப்பாவை எடுக்கிறாள். “உதில நல்ல சதை இருக்கு.” மகள் நிமிரவில்லை. “அது ஒன்லி ஃபாட் அம்மா. காலுக்குக் கல்சியம் வேணும். அந்தச் சாம்பல் கலர்ச் சின்னப் புழுவை எடுங்கோ.” ஜெயமலர் சாம்பல் புழு டப்பாவை எடுக்கிறாள். காசு கொடுக்கும்வரை பொறுக்க முடியவில்லை. அங்கேயே மூடியைத் திறந்து, நெளிகிற ஒன்றை வெறும் விரலால் எடுத்து ஓணானின் வாயருகே பிடிக்கிறாள். மணிக்கட்டில், கௌரி விரத முடிவில் கட்டிய காப்பு நூல் இன்னும் புதிதாயிருக்கிறது. “விரதம் முடிஞ்சுது ராசா. சாப்பிடு.” ஓணான் அவளைப் பார்க்கிறது. பிறகு வாயைத் திறக்காமலே கண்ணை மூடிக்கொள்கிறது. புழு அவள் விரலைச் சுற்றி, காப்பு நூலை நோக்கி மெல்ல ஏறுகிறது.