விரித்த கை

"நம்ம கடலுக்கு வந்து நமக்கே கையை விரிச்சுக் காட்டறானா? இவனைச் சும்மா விடக்கூடாது."

கேப்டன் ஃபோத்திஸ் பத்திரிகையை அறைந்த வேகத்தில், அர்கிரிஸின் காபிக்கடையில் மேஜையிலிருந்த கோப்பைகள் எல்லாம் ஒரு ஆட்டம் ஆடின.

வம்புக்குக் காரணம் எங்கள் தீவின் வாரப் பத்திரிகையில் வந்த கார்ட்டூன். எதிரே துருக்கிக் கரையிலிருந்து அகதிகள் வரும் ரப்பர் படகு ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. பக்கத்தில் தண்ணீருக்கு மேலே ஒரே ஒரு கை. விரல்கள் விரிந்து, உள்ளங்கை கரையைப் பார்க்கிறது. கரையில் ஒரு தொப்பைக்காரர் நாற்காலி போட்டுக் காபி குடிக்கிறார். கீழே ஒரு வரிகூட எழுதவில்லை.

எழுதியிருக்கலாம். எங்கள் கிரேக்க நாட்டில் விரல்களை விரித்து உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு நேரே காட்டினால் அதைவிடக் கேவலமான வசவு கிடையாது.

"கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க கேப்டன்," என்றார் அடுத்த மேஜையில் இருந்த மிர்சினி டீச்சர். "மூழ்கறவன் காப்பாத்துங்கன்னு கையைத் தூக்கறான். அதுவா வசவு?"

"மூழ்கறவன் கை இப்படி விறைப்பா நிக்காது. பொறந்ததிலேருந்து கடல்ல கிடக்கேன். எனக்குப் பாடம் நடத்தாதீங்க."

"சரி, கரையில உக்காந்திருக்கிறது யாருன்னாவது தெரியுதா? சாட்சாத் நீங்கதான். தொப்பையைக்கூட விடலை."

கடையே சிரித்தது. கேப்டனுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"சிரிங்க, சிரிங்க. இப்படியே வந்துக்கிட்டிருந்தா நாளைக்கு நீங்க உக்கார நாற்காலி இருக்காது. கதவைச் சாத்துங்கன்னு சொன்னா நான் கெட்டவன்."

இதை அவர் சொல்லாத நாள் இல்லை. அகதி முகாம் வேண்டாம் என்று நடந்த ஊர்வலத்தில் முன்னால் போனவர் அவர். அந்த முகாமுக்குத் துணிமணி சேர்த்துக் கொடுப்பவர் டீச்சர். இரண்டு பேரும் ஒரே கடையில் தினமும் காபி குடிப்பதுதான் எங்கள் ஊர் அதிசயம்.

ஆனால் இந்தத் தடவை விஷயம் பேச்சோடு நிற்கவில்லை. கேப்டன் மீனவர் சங்கத் தலைவர். சங்கத்தின் விளம்பரத்தை நிறுத்திவிடுவதாகக் காலையிலேயே பத்திரிகை ஆசிரியரை மிரட்டியிருந்தார்; அது நின்றால் பத்திரிகையே படுத்துவிடும். அதனால் ஆசிரியர், படம் போட்ட இக்னாத்திஸைக் கூப்பிட்டு, 'கேப்டன்கிட்ட மன்னிப்புக் கேளு, இல்லேன்னா வேற வேலை பாரு' என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வாரப் படத்தை நம்பித்தான் இக்னாத்திஸ் வீட்டில் அடுப்பு எரிகிறது.

பாவம், தொங்கிய முகத்தோடு உள்ளே வந்தான்.

"வாப்பா. என்ன சொல்லப் போறே?" என்றார் கேப்டன்.

"உங்க மனசு நொந்திருந்தா வருத்தம்தான், கேப்டன். ஆனா படத்துல தப்பு எதுவும் இல்லை."

"அப்ப அந்தக் கை என்ன சொல்லுது? வசவா, இல்லையா?"

"அதைச் சொன்னா இன்னொருத்தருக்குச் சங்கடம்."

"வேலை போயிடும்ப்பா. காப்பாத்தச் சொல்லுதுன்னு சொல்லிட்டுப் போயேன்," என்றார் டீச்சர்.

"அதுவும் இல்லை டீச்சர்."

டீச்சர் முகம் சுருங்கியது. கேப்டன் போனை எடுத்துப் பத்திரிகை ஆசிரியர் நம்பரை அடித்துவிட்டார்.

கோப்பைகளை எடுக்க வந்த அர்கிரிஸ் பத்திரிகைமேல் குனிந்தார்.

"இந்த மோதிர விரல் ஏன் பாதியிலேயே நிக்குது?"

"அச்சு சரியா விழுந்திருக்காது," என்றார் டீச்சர்.

"மத்த விரல்ல நகம்கூடத் தெளிவா விழுந்திருக்கே."

போனைப் பிடித்திருந்த கேப்டனின் கையை அர்கிரிஸ் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். வலை இழுக்கும் இயந்திரத்தில் மோதிர விரலின் பாதியைப் பறிகொடுத்தவர் எங்கள் தீவில் ஒருவர்தான்.

கேப்டன் போனை இடது கைக்கு மாற்றி, வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"இக்னாத்திஸ், என்ன இது?" என்றார் டீச்சர்.

இனி மறைத்துப் பயனில்லை என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"போன வாரம் விடியற நேரத்துல தூண்டில் போடப் பாறைக்குப் போனேன். கண்ணுக்கு எதிர்ல ரப்பர் படகு கவிழ்ந்துது. கேப்டன் தன் படகுலேருந்து குதிச்சாரு. ஒரு கையால ஒரு பொண்ணையும் குழந்தையையும் அணைச்சுக்கிட்டு, இன்னொரு கையைத் தூக்கி, படகுல இருந்த ஆளைக் கயிறு போடச் சொல்லிக் கத்தினாரு. அப்புறம் அவர் யார்கிட்டயும் மூச்சு விடலை. அதான் முகத்தையும் அவர் படகையும் வரையாம விட்டேன்."

"அப்ப காபி குடிக்கிறது?"

"நான்தான் டீச்சர், தொப்பையும் என்னுதுதான். எனக்கு நீச்சல் தெரியாது, கரையிலேயே நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

டீச்சர் தலை குனிந்துகொண்டார். எங்களுக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

போனில் ஆசிரியர் 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டிருந்தார். கேப்டன் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணுமில்லை. விளம்பரம் வழக்கம்போல வரும். அந்தப் பையன் வேலை பத்தின பேச்சை விடு."

போனை வைத்தார். டீச்சர் தன் நாற்காலியை அவர் மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் பேசினது தப்பு, கேப்டன். முகாம்ல ஒரு பொண்ணு தன்னைக் காப்பாத்தினவரைத் தேடிக்கிட்டிருக்கா, அது நீங்கதான்னு இப்பத்தான் தெரியுது. நன்றி சொல்லணுமாம். கூட்டிட்டு வரட்டுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். நான் அகதி யாரையும் தூக்கலை. தண்ணியில விழுந்தவங்களைத் தூக்கினேன், அவ்வளவுதான். முகாம் வேண்டாம்னு நாளைக்கும் சொல்லுவேன்."

விறைப்பாக வாசல்வரை போனார். அங்கே நின்று, திரும்பாமலே கேட்டார்:

"அந்தக் குழந்தை நிறையத் தண்ணி குடிச்சிருச்சு. இப்ப இருமல் நின்னுச்சா?"