சுவருக்கு அந்தப் பக்கத்துச் சூடு

நடுப்பகல் வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. உலைப்பட்டறையின் பின்சுவரை ஒட்டிய ஒற்றை அறையில், ஜன்னல் கம்பியில் கட்டிய ஆன்டெனாவிலிருந்து ஒரு வயர், விரல் அளவு ரேடியோ ரிசீவர் வழியாக லேப்டாப்புக்குள் போகிறது. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் கட்டிலில், பத்து நாளுக்கு முன் அந்தப் பட்டறைச் சூட்டில் சுருண்டு விழுந்த அவள் புருஷன் வாய் கோணிக் கிடக்கிறான். உள்ளே முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டவே தாண்டாது, குடித்துவிட்டு வந்து விழுந்தான் என்கிறார் முதலாளி. புது மெஷினுக்காக அவரே மாட்டிய வயர்லெஸ் வெப்பமானி நிமிடத்துக்கு ஒரு தடவை உண்மையை ரேடியோ அலையில் ஊருக்கெல்லாம் கத்திக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

சுவருக்கு அப்பால் உலைக்கதவு தடாரென்று திறக்கிறது. திரையில் நாற்பத்தைந்து, நாற்பத்தாறாகி, நாற்பத்தேழில் நிற்கிறது. “பாத்தீங்களா அண்ணி, கதவு திறந்தா ஏறுது. மெஷினுக்குக் காய்ச்சல் வந்துடுமேன்னு மாட்டியிருக்காரு மகராசன்,” என்கிறான் கொழுந்தன். ரேடியோ கிறுக்கன் என்று அவள் வாயால் ஏச்சு வாங்கியவன். பொழுதுபோக்காக அந்த வெப்பமானியிலிருந்து அவன் பிடித்துவைத்த இரண்டு மாதப் பதிவில் அண்ணன் விழுந்த நாளும் இருக்கிறது. “இப்பவே வக்கீல்கிட்ட கொடுத்துடவா?”

அவள் புருஷனின் வாயோரம் வழிவதைத் துண்டால் ஒற்றி எடுக்கிறாள்.

“இருப்பா. நாளைக்கு விசாரணையில அந்த ஆளு முதல்ல சத்தியம் பண்ணட்டும். முப்பத்தஞ்சுதான்னு நாலு பேர் முன்னாடி வாய் நிறையச் சொல்லட்டும். அப்புறம் கொடு.”