றுமைஸ் மாட்டிய அட்டை

உபமின் நிலையத்தில், மாம்புரி மின் லைனின் சுவிட்சில் சிவப்பு அட்டை தொங்கியது. கம்பத்தில் ஏறப் போகும் முன் லைன்மேன் றுமைஸ் கையெழுத்துப் போட்டு மாட்டியது. மாட்டியவரே நேரில் வந்து கழற்ற வேண்டும். அதுவரை சுவிட்சைப் போடக் கூடாது.

சுவிட்சுக்குப் பொறுப்பாயிருந்த அஸ்ரியாவை அத்தியட்சகர் மூன்றாவது தடவையாகத் தொலைபேசியில் அழைத்தார்.

"அஸ்ரியா மிஸ், அமைச்சர் மேடையில நிக்கிறார். மைக் வேலை செய்யல்ல. லைனைப் போடுங்க."

"அட்டை தொங்குது சேர்."

"அதைக் கழற்றி வீசுங்க. நான் சொல்றன்."

"ஏலாது சேர்."

"நாளைக்கே உங்கள அனுராதபுரத்துக்கு மாத்திருவன்."

"மாத்துங்க சேர். அங்கயும் அட்டை இருக்கும்."

ஐந்து நிமிடத்தில் றுமைஸே அழைத்தான்.

"இறங்கிட்டன். போடுங்க."

"வந்து கழற்றுங்க."

"என்ட குரல் விளங்கல்லயா?"

"நல்லா விளங்குது. குரலால அட்டையக் கழற்ற ஏலாது."

அரை மணித்தியாலம் கழித்து மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. றுமைஸ் உள்ளே வந்து அட்டையைக் கழற்றினான்.

"சேர் போன்ல ஒரே கரச்சல். இறங்கிட்டன் எண்டு சொல்லச் சொன்னார். ரெண்டு நிமிஷத்துல இறங்கிரலாம் எண்டு நினைச்சுச் சொன்னன். அப்ப நான் கம்பத்து மேலதான் நிண்டன்."

அஸ்ரியா அட்டையை வாங்கி வைத்தாள். சுவிட்சைப் போட்டாள். பதிவுப் புத்தகத்தில் நேரத்தை எழுதினாள். பிறகுதான் தன் கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்ட வாங்க. புள்ளைகள் தூங்கினாப் பொறகு கதைப்பம்."